எறும்பெழுத்தில் போட வேண்டிய வரி

அழகான எழுத்தைக் கண்டால் எனக்குப் பித்துப் பிடித்துவிடும். கல்கத்தாவுக்கு வந்த புதிதில், ட்ராமில் உட்கார்ந்து கடைப் பலகைகளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவேன். வங்காள எழுத்துகள் கொடியில் காயப்போட்ட துணிபோல ஒரு கோட்டிலிருந்து வரிசையாகத் தொங்கும். ஒன்றும் படிக்கத் தெரியாது. ஆனாலும் ரசிப்பேன். அப்படி ரசிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

நான் வேலை பார்த்தது ஒரு கூந்தல் தைலக் கம்பெனியில். குமாஸ்தா வேலை, அதுவும் தற்காலிகம். நிரந்தரமானால்தான் பாலிகஞ்ச் பக்கம் ஓர் அறை பிடித்து, கும்பகோணத்திலிருந்து மனைவியை அழைத்துவர முடியும். கல்யாணமாகி இரண்டு வருஷம்; சேர்ந்து இருந்தது நாற்பது நாள்கூட இருக்காது. அவள் கடிதம் வந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

முதலாளி வங்காளி. தைலத்தைச் சென்னைக்கும் அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. சீசாவைச் சுற்றி அனுப்பத் தமிழில் ஒரு நோட்டீஸ் வேண்டும். ஆபீசில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ‘கூந்தல் காடாய் வளரும்’ என்று போடச் சொன்னார். எழுதிக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. இருபத்தாறு வயதிலேயே என் முன்மண்டை வெளிவாங்க ஆரம்பித்திருந்தது. அதே தைலத்தை மூன்று மாதம் விடாமல் தேய்த்துப் பார்த்தவன் நான். தலையணை மணத்ததுதான் மிச்சம்.

“வழுக்கையில் முடி முளைக்காது என்றும் ஒரு வரி சேர்த்துவிடலாமா, சார்?” என்று கேட்டேன்.

முதலாளி என் தலையை ஒரு பார்வை பார்த்தார். “சேர்த்துக்கொள். ஆனால் எறும்பெழுத்தில் போடு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியக் கூடாது.”

பௌபஜார் சந்தில் ஓர் அச்சகத்தில், ஏதோ மிஷன் கழித்துப்போட்ட தமிழ் அச்செழுத்துகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அங்கே எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்கு என் வயதுதான் இருக்கும். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்து, உருவம் பார்த்து உருவம் பொறுக்கிக் கோப்பார். அத்தனை வேகம்! நான் இரண்டு வரிகளையும் ஒரே அளவில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்று பெரிது, ஒன்று எறும்பெழுத்து என்று மட்டும் சொல்லி, எது எதுவென்று குறிக்காமல் வந்துவிட்டேன். படித்தால் தெரிந்துவிடாதா என்ற நினைப்பு. படிக்கத் தெரியாதவரிடம் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போனால், புரூஃபை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முதலாளி குதிக்காத குறை. “உங்கள் பாஷைக்கு இவ்வளவு அழகா!”

பார்த்தேன். தாளின் மேல்பாதி முழுக்க, தடித்தடியாக: வழுக்கையில் முடி முளைக்காது. அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல: கூந்தல் காடாய் வளரும்.

அழகென்றால் அப்படி ஓர் அழகு! அந்தக் காலத்து ‘ளை’க்கு யானைத் தும்பிக்கை உண்டல்லவா? அந்தத் தும்பிக்கையிலிருந்து ஒரு மெல்லிய கோட்டை இழுத்து, காற்றில் பறக்கும் கூந்தலாக வரி முழுவதும் ஓடவிட்டிருந்தார் அந்த மனுஷன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“கப்பல் நாளைக்கு. சரி பார்த்துக் கையெழுத்துப் போடு” என்றார் முதலாளி. சொல்லியிருந்தால் மாற்ற நேரம் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுச் சந்துக்கு ஓடிப்போய், கம்பாசிட்டரிடம் ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டேன்.

“அந்த வரியில்தானே பாபு சுருள் சுருளாக இருக்கு? தலைமுடித் தைலத்துக்கு வேறெதைப் பெரிசாகப் போடுவது?” என்றார். அங்கேயே எழுத்துப் பெட்டிமேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார்.

நோட்டீஸ் கப்பலேறிவிட்டது. முதலாளி ஒரு பிரதிக்குக் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஒரு வாரம் நான் காற்றில் மிதந்தேன். அடுத்த வாரம், பாங்கு உத்தியோகஸ்தர் ஒருவர் ஏதோ காரியமாக வந்தார். தஞ்சாவூர்க்காரர். சுவரைப் படித்தார், மீசை துடித்தது.

“என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்” என்றார் முதலாளி.

“உங்கள் தைலத்தைப் பற்றிய உண்மை” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவர் என் பக்கம் குனிந்து, “ஓய், பலே ஆளய்யா நீர்! மாட்டிக்காம இரும்” என்றார் தமிழில்.

அவர் போனதும் முதலாளி மேஜை அறையைத் திறந்து, என் வேலையை நிரந்தரமாக்கும் தாளை எடுத்தார். “உண்மை என்று உன் ஊர்க்காரரே சொல்லிவிட்டார்” என்று பேனாவை மையில் தொட்டார். எத்தனை நாள் காத்திருந்த தாள்! ஆனால் அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, எதிரே இருக்கிற மனுஷனை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

“சார், எறும்பெழுத்தில் போடச் சொன்ன வரிதான் பெரிதாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.”

முதலாளி சுவரைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“இந்தத் தலையை வைத்துக்கொண்டு என் கம்பெனிக்காக நீ பொய் சொன்னாலும் எவன் நம்புவான்?” என்று கையெழுத்துப் போட்டார். படத்தை மட்டும் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கே மனைவிக்கு எழுதினேன். வேலை நிரந்தரம், புறப்பட்டு வா என்று தாள் நிறைய எழுதி, கடைசி ஓரத்தில், என் தலைமுடி பெரும்பாலும் போய்விட்டது என்று பொடிப்பொடியாக ஒரு வரி சேர்த்தேன். படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். புதுத் தாளெடுத்து, தலைமுடிச் சமாசாரத்தை முதல் வரியாக, கொட்டை எழுத்தில் போட்டேன்.