மூன்று முறை படித்த செய்தி

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். மீனாட்சியம்மன் சாட்சியாக, நடந்ததையே எழுதுகிறேன்.

யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஊருக்கு வெளியே ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தார்கள். அவனியாபுரம் காபிக் கடையில், படிக்கத் தெரியாதவர்களுக்காக நான்தான் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். ஒருநாள், 'சத்திரத்தில் அகதிகள் கலகம்' என்று படித்தேன். பாதம் வெடித்த, ஒல்லியான ஓர் அகதி, காதருகே கையைக் குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு வந்த அரிசி எங்கன்னுதானே கேட்டோம்? நாங்க சொன்னது அதுல எங்க இருக்குண்ணே? இன்னொருக்கா படிங்க."

மூன்று முறை படித்தேன். சத்திரத்து அதிகாரி சொன்னது மட்டுமே இருந்தது.

"அம்புட்டுப் பெரிய பேப்பரு பொய்யா சொல்லும்?" என்று சிரித்தார் கடைக்காரர்.

மறுநாளே அகதிகளை வெளியேற்றிச் சத்திரத்தைப் பூட்டிவிட்டார்கள். பத்திரிகைக்கு நான் எழுதிய மறுப்பு கடைசிவரை அச்சாகவில்லை. கோயிலில் நின்றாலும் மனசு ஆறவில்லை.

கூட்டாமல் குறைக்காமல் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அந்த அகதி கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.