மாலையாத்தாள் கட்டிய சேலை

அம்பிகாவுக்கு வயது ஐம்பத்துமூன்று. அதில் முப்பது வருடமாக ஒரே ஒரு சேலைமேல் அவளுக்குத் தீராத ஆத்திரம். சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை. அவளுடைய கல்யாணச் சேலையே அதுதான்.

சின்னாளபட்டியில் அவள் புருஷன் வேலுமணி வீட்டு வழக்கம் அது. அந்த வீட்டுக்கு வருகிற பெண்ணும் வீட்டைவிட்டுப் போகிற பெண்ணும் சாம்பல் சேலையில்தான் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். குலதெய்வம் மாலையாத்தாள் மணக்கோலத்தோடு தீயில் இறங்கிச் சாம்பலானவளாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும், கட்டிக்கொள்பவள் நாமாக இல்லாதவரை. ஊருக்கெல்லாம் கலர் கலராகச் சுங்குடிச் சேலை அனுப்புகிற வீட்டில் இப்படி ஒரு கூத்து. எரியோட்டிலிருந்து வந்திருந்த அம்பிகாவின் அம்மா, "தாலி ஏறுறப்பவே அறுத்தவ மாதிரி நிக்கிறாளே" என்று மண்டபத்திலேயே அழுதுவிட்டாள். அந்த அழுகை இன்னும் அம்பிகாவின் காதைவிட்டுப் போகவில்லை.

இப்போது மகள் இளவேனிலுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மதியழகன் ஒட்டன்சத்திரத்துக்காரன்.

"எனக்குச் செகப்புச் சேலைதான் வேணும்" என்றாள் மகள்.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு வேலுமணி தறியில் போய் உட்கார்ந்துகொண்டான். நல்ல கேள்விதான். வீட்டில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அந்த வாரம் மதியழகன் இளவேனிலின் போனுக்கு ஒரு படத்தை அனுப்பினான். பேசும் படம் வந்த புதிதில் மாலையாத்தாள் கதையை எடுத்திருக்கிறார்கள். அதை யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். மகள் காட்ட, அம்பிகா வெங்காயம் உரித்த கையோடு பார்த்தாள். மணப்பெண் தீயைப் பார்த்து நடந்துவருகிறாள். சாம்பல் நிறச் சேலை, வெள்ளைப் புள்ளி. அச்சு அசல் அதே சேலை. அம்பிகாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பாத்தியாடி, ஆத்தா சாம்பல்தான் கட்டியிருக்கா."

"யம்மா, அந்தக் காலத்துப் படத்துல எல்லாமே சாம்பல்தான். மரத்தப் பாரு, கிளியப் பாரு. அந்தப் பொம்பள செகப்பே கட்டியிருந்தாலும் இப்படித்தான் தெரியும்."

அம்பிகா மரத்தைப் பார்த்தாள், கிளியைப் பார்த்தாள். மகள் சொன்னது சரிதான். உடனே அடுத்த தெருவுக்குப் போய், வேலுமணியின் அத்தை சிவனம்மாளைக் கேட்டாள். கிழவிக்கு எண்பத்தைந்து வயது.

"எங்கய்யா அந்தப் படத்துக்குத் திண்டுக்கல்லுக்கு வண்டி கட்டிப் போனாராம். ஆத்தாள நேர்ல பாத்துட்டேன்னு வந்து மூணு நாளு சோறு திங்கலையாம். பொறவுதான் தறியில இந்தச் சேலைய நெஞ்சாராம்."

"அதுக்கு முந்தி என்ன கலரு கட்டுனாங்க, பெரியம்மா?"

"அதுக்கு முந்தி நானே பொறக்கலையே தாயி."

அம்பிகா வீட்டைப் பார்த்து நடந்தாள். யாரோ சினிமாக்காரி கட்டிய சேலைக்காகவா அம்மா அப்படி அழுதாள்? ஆனால் சினிமாக்காரி என்று ஒதுக்கவும் பயமாக இருந்தது. இத்தனை வருடமாக அந்தச் சேலையில் தாலி கட்டிக்கொண்ட ஒருத்திகூட நொடித்துப்போகவில்லை. திரையில் வந்தது ஆத்தாள் இல்லை என்றால் அந்த மனிதர் மூன்று நாள் யாருக்காகப் பட்டினி கிடந்தார்? கோயிலில் இருக்கிற சிலையும் ஒரு ஆசாரி செதுக்கியதுதானே? யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் பூக்கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது மாலையாத்தாள் கோயில். மகளின் ஸ்கூட்டியில் போனார்கள். மகள் வேப்பமரத்தடியில் நிற்க, அம்பிகா மட்டும் உள்ளே போனாள். ஒரு இலையில் சிவப்பு அரளி, ஒரு இலையில் வெள்ளை அரளி. பூசாரி இரண்டையும் மடித்து, கலக்கி, ஆத்தாள் காலடியில் வைத்துவிட்டு, விபூதி கேட்டு நின்றவர்களிடம் போனார். சிவப்பு வந்தால் சிவப்புச் சேலை, வெள்ளை வந்தால் சாம்பல் சேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

வெள்ளை.

பூவை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா வந்துச்சு?"

"செகப்பு" என்றாள் அம்பிகா.

கல்யாணத்தன்று இளவேனில் குங்குமச் சிவப்பில் மணவறைக்கு வந்தாள். வேலுமணியேகூட மகளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டான். பிறகு மனைவியைப் பார்த்தவன் திடுக்கிட்டுப்போனான். பெட்டியின் அடியில் முப்பது வருடம் கிடந்த சாம்பல் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அவள்.

"என்னடி கோலம் இது? இதப் பாத்தாலே உனக்கு ஆகாதே."

"இருக்கட்டும்."

கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் மணமக்கள்மேல் அட்சதை போட, அம்பிகா அரிசியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி மனசுக்குள் ஆத்தாளிடம் பேசினாள்.

'இது உன் சேலையா, சினிமாக்காரி சேலையா, எனக்குத் தெரியல தாயே. பொய் சொன்னது நான்தான். உனக்கு ஆள் அடையாளம் மாறிப்போயிரக்கூடாதுன்னுதான் இதக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். கேக்கிறதா இருந்தா என்னையக் கேளு.'