குதி மடிந்த சப்பாத்து

எழுபதுகளின் கடைசியில் சிட்னிக்கு வந்த எனக்கு, ரெட்ஃபேர்னில் ஒரு கொரியக் குடும்பத்தின் முன்னறைதான் வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரன் முதலில் கேட்டது என் வயதை. இதென்ன மரியாதை என்று எரிச்சலாக இருந்தது. நாற்பத்துமூன்று என்றேன். தனக்கு முப்பத்தெட்டு என்றவன், தலையைக் குனிந்து தன் மொழியில் ஒரு சொல்லால் என்னை அழைத்தான். அண்ணன் என்று அர்த்தம் என்றாள் அவன் மனைவி. அன்றிலிருந்து அந்த வீட்டில் நான்தான் மூத்தவன். நாங்கள் பேசியது உடைந்த ஆங்கிலம். அதை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

மூத்தவனாக இருப்பது லேசான காரியம் இல்லை. நான் கரண்டியைத் தூக்கும்வரை யாரும் சாப்பிடமாட்டார்கள். நானோ எதையும் எண்ணிப் பார்க்காமல் தொடமாட்டேன். புளிக்கவைத்த கோவா இலை, முளைப்பயறு, கருவாடு என்று ஏழு சின்னத் தட்டுகள். எண்ணி முடிப்பதற்குள் வீட்டுக்காரனின் தம்பி செருமுவான்.

"அண்ணை, நேற்று இருந்த ஏழும் இண்டைக்கும் இருக்கு. தூக்குங்கோ."

அந்தத் தம்பிதான் என் பெரிய கவலை. சுற்றுலா விசாவில் வந்து, அது முடிந்த பிறகும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். பிடிபட்டால் வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைத்து, பிறகு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஊரில் தாயும் இரண்டு தங்கைகளும் அவனை நம்பி இருந்தார்கள். என் மனைவி பிள்ளைகளுக்கான விண்ணப்பமும் அதே குடிவரவுத் திணைக்களத்தில்தான் கிடந்தது. இவன் இருக்கிற வீட்டில் நான் இருக்கலாமா? வேறு அறை தேடத் தொடங்கியிருந்தேன்.

அவனுடைய சப்பாத்தும் எனக்குப் பிடிக்கவில்லை. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவது நாங்களும் செய்வதுதான். ஆனால் அவன் புதுச் சப்பாத்தின் குதியை மிதித்து மடித்து, செருப்பைப் போல இழுத்துக்கொண்டு திரிவான்.

"நல்ல தோலைப் பழுதாக்கிறாயே," என்று ஒருநாள் ஏசினேன்.

"ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கழட்டுறம் அண்ணை. ஒவ்வொரு தரமும் குனிஞ்சால், உங்கட வயசு வரேக்க நான் நாலு காலிலதான் நடக்கவேணும்."

அவனுடைய அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், வெளியே கார்க் கதவு இரண்டு தடவை அடித்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்த வீட்டுக்காரியின் முகம் வெளிறியது. ஒரு சொல்தான் சொன்னாள். தம்பி குசினி வழியாக ஓடி, பின்வேலி ஏறி அந்தப் பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்குள் குதித்தான். அவள் அவனுடைய கிண்ணத்துச் சோற்றைப் பானைக்குள் கவிழ்த்து, கிண்ணத்தையும் கரண்டியையும் கழுவி அடுக்கினாள். அவர்கள் தரையில் படுப்பவர்கள்; அவனுடைய மெத்தை காலையிலேயே மடிந்து அலுமாரிக்குள் போயிருந்தது. எல்லாம் சரி என்று மூச்சு விட்டேன். வீட்டுக்காரன் கதவைத் திறந்தான். அப்போதுதான் வாசலில் இருந்த சப்பாத்து வரிசை என் கண்ணில் பட்டது.

வந்தவர்கள் இரண்டு குடிவரவு அதிகாரிகள். ஒருவர் அறைகளைப் பார்க்க உள்ளே போனார். மற்றவர் வாசலிலேயே நின்று கீழே பார்த்தார். அவரும் என்னைப் போல எண்ணுகிறவர்.

"இந்த வீட்டில் எத்தனை ஆண்கள்?"

"ரெண்டு பேர்," என்றான் வீட்டுக்காரன்.

"சப்பாத்து மூன்று சோடி இருக்கிறதே?"

வீட்டுக்காரன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அவன் மனைவியும் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் என் கரண்டிக்காகக் காத்திருக்கும் அதே பார்வை.

"அதில ரெண்டு சோடி என்ர," என்றேன். "ஒண்டு வேலைக்கு, மற்றது சும்மா திரியிறதுக்கு."

அவர் தம்பியின் சப்பாத்தைக் காலால் தள்ளிவிட்டார். "இதுவுமா? போட்டுக் காட்டுங்கள்."

என் கால் பத்தாம் அளவு. அது எட்டு. விரல்களை மடக்கி நுழைத்தேன். குதி மடிந்திருந்ததால் கால் உள்ளே போனது. என் குதிக்கால் பாதி வெளியே நின்றது.

"கேற் வரைக்கும் நடங்கள்."

நடந்தேன். விரல்கள் நெரிந்தன. திரும்பி வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஏன் இப்படி மடித்து வைத்திருக்கிறீர்கள்?"

"ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கழட்டுறம்," என்றேன். "ஒவ்வொரு தரமும் குனிஞ்சால் முதுகு என்னத்துக்காகும்?"

அவர் என் நரையைப் பார்த்தார். உள்ளே போனவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். கார் போய்விட்டது.

ஆனால் அது ஒழுங்கை முனையில் நிற்கிறதோ என்னவோ. வீட்டுக்காரன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், மறுபடியும் போனான். மனைவி சூப்பைத் திரும்பத் திரும்பச் சுடவைத்தாள். நான் முன் யன்னலோடு நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்த பிறகுதான் உறைத்தது: நான் கரண்டியைத் தொடவில்லை, அதனால் அவர்களும் சாப்பிடவில்லை.

"நீங்கள் சாப்பிடுங்கோ," என்றேன்.

வீட்டுக்காரன் தலையை ஆட்டி மறுத்தான்.

இருட்டுகிற நேரம் பின்கதவு திறந்தது. வெறுங்காலோடு தம்பி. ஒரு பாதத்தில் கண்ணாடி கிழித்து இரத்தம். அண்ணி காலைக் கழுவித் துணி சுற்றினாள்; பானையிலிருந்து சோற்றை மறுபடி அவன் கிண்ணத்தில் போட்டாள். அடுத்த கிழமை வீடு மாறப் போகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். கண் மேசைக்குப் போனது. கிண்ணம் நான்கு.

"இப்பவும் எண்ணுறியளோ அண்ணை?" என்றான் தம்பி. "பசிக்குது. தூக்குங்கோ."

தூக்கினேன்.