டெல்பின் அக்காவின் ஒரு சொட்டுத் தீர்த்தம்

எங்கள் காலேஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினேழு வருஷமாகக் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவர் டெல்பின் அக்கா. காட்டூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலத்துப் பனியில் பாதித் தூக்கத்தோடு வந்து சேரும்போது, குடுவைகள் பளபளவென்று கவிழ்ந்திருக்கும்.

என் ஆராய்ச்சி தங்கத் துகளில். கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள் ஈரலில் இருக்கும் புற்றுக்கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலிருந்து ஒளி பாய்ச்சினால் துகள் சூடேறிக் கட்டியை மட்டும் சுட்டுவிடும். இப்போதைக்கு எலிகளில்தான் பார்க்கிறோம். மனுஷருக்கு வர இன்னும் எத்தனை வருஷமோ!

தங்கக் கரைசல் மாதுளைச் சாறு மாதிரிச் சிவந்திருக்கும். காலை வெயில் அதில் பட்டால் சுவரெல்லாம் சிவப்பு. அக்கா அந்தச் சிவப்பை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எங்கோ போய்விட்டவர் போல நிற்பார். "கனவு முடிஞ்சுதாக்கா?" என்று சீண்டுவேன். சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை சுவரில் சிவப்பு இல்லை. மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்த கரைசல் நீலமாகிக் கிடந்தது. உப்பு பட்டால்தான் துகளெல்லாம் ஒட்டிக்கொண்டு அப்படி ஆகும். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"யாரு இதுல கை வெச்சது?" என்று கத்தினேன்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். "நான்தாம்மா. கோயில் தீர்த்தம் ஒரே ஒரு சொட்டு விட்டேன்."

சர்ச்சில் ஃபாதர் உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீர்.

"அவருக்கு ஈரல்ல கட்டி. ஆபரேஷன் முடியாதுன்னுட்டாங்க. இது எலிக்குன்னு தெரியும்மா. ஆனா மனசு கேக்கலையே."

அவர் வீட்டுக்காரர் சகாயநாதனைப் பற்றித்தான் சொல்கிறார். கத்தின வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அக்கா, இது அவருக்கு வந்து சேராதுக்கா," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நீலக் குடுவையைக் கழுவப் போனார்.

இரண்டு மாதத்தில் சகாயநாதன் போய்விட்டார். முப்பதாம் நாள் பூசை முடித்து அக்கா வேலைக்குத் திரும்பிய காலை, புதுக் கரைசல் சுவரில் சிவந்துகொண்டிருந்தது. அவர் பையில் அதே தீர்த்தப் பாட்டில்.

"குடுவைக்கு வெளிப்பக்கமா தெளிச்சுக்கோங்கக்கா, ஒண்ணும் ஆகாது," என்றேன்.

அவர் பாட்டிலை உள்ளே தள்ளிப் பையை மூடினார்.

"வேணாம்மா. தவறி ஒரு சொட்டு உள்ள போயிட்டா, எவளோ ஒருத்தி வீட்டுக்காரருக்கு மருந்து இன்னும் மூணு வாரம் தள்ளிப் போயிடும்."