தஹ்பா என்ற படகு

பழவேற்காட்டிலிருந்து பசியாவரத்துக்குப் படகில் போய்க்கொண்டிருக்கிறேன். முன்பலகையில் மஞ்சள் பெயிண்டில் ‘தஹ்பா’ என்று எழுதியிருக்கிறது. இது என்ன பேர் என்று கேட்கிறேன்.

“தங்கம் சார்,” என்கிறார் படகோட்டி ஏழுமலை. “குவைத்துல என்கூட சமையல் வேலை பார்த்த ஈராக்காரரு சொன்னாரு. அவங்க வூட்ல அராமிக்னு ஒரு பாஷை பேசுவாங்க.”

அரபியில் தஹப், எபிரேயத்தில் ஸஹாவ், எல்லாமே ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை என்று என் படிப்பைக் காட்டிக்கொள்கிறேன்.

“அப்போ எல்லாரும் பங்காளிங்கதான்!” அவர் சிரிக்கிறார்.

தமிழிலேயே எழுதியிருக்கலாமே என்றதும் குரலைத் தாழ்த்துகிறார்.

“என் சம்சாரம் அட்டிகைய வித்துதான் இத்த வாங்கினேன். தங்கம்னு எழுதினா, பாக்கறப்பல்லாம் அவளுக்கு மனசு கஷ்டமாயிடும். அவகிட்ட குவைத்துல ஒரு ஊரு பேருன்னு சொல்லி வெச்சிக்கீறேன்.”

பசியாவரம் வந்துவிட்டது. அவர் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடிக்கிறார். இறங்க எழுந்த நான் சேற்றுச் செருப்போடு முன்பலகையை மிதிக்கப் போகிறேன்.

“காலை தள்ளி வைங்க சார்,” என்று அவர் மஞ்சள் எழுத்தைப் புடவைத் தலைப்பால் துடைக்கிறார். “அது என் அட்டிகை.”