செலக்டர் சுப்பராயனின் பொறாமை

ஆம்பூரில் சுப்பராயனைவிட அவருடைய கட்டைவிரலுக்கு மரியாதை அதிகம். தோல் பதனிடும் ஷாப்பில் வடக்கு ஜன்னலோரம் நின்று, பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்து, அந்த விரலால் ஒரு தடவு தடவுவார். முதல் தரம், இரண்டு, மூன்று, கழிவு. செலக்டர் சொன்ன பிறகு முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார். வீட்டில் அவர் பேச்சுக்கு அந்த மதிப்பு கிடையாது என்பது வேறு விஷயம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவர் மனைவி அம்சவேணிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் முற்றிவிட்டது. வேலூரில் டாக்டரம்மா அவரைத் தனியே அழைத்து, இனிக் குணப்படுத்த ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். சொல்லிவிட்டு, செய்யவேண்டியவற்றை அரைமணி நேரம் அடுக்கினார். நாலு மணிக்கொரு தரம் மருந்து, அதுவும் வலி வருமுன்பே; வந்த பிறகு கொடுத்தால் மருந்து வலியின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்குமாம். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பும் முதுகும் புண்ணாகும். உலர்ந்த வாயை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். "எல்லாத்துக்கும் மேல, என்ன வேணும்னு அவங்களையே கேளுங்க" என்று முடித்தார். ஒன்றும் செய்வதற்கில்லை என்பதில் இவ்வளவு வேலை இருக்கும் என்று சுப்பராயன் நினைத்ததில்லை. கடைசி வேலையை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

பிள்ளைகள் இல்லாத வீடு. பகலில் அவர் ஷாப்புக்குக் கிளம்பியதும் அடுத்த வீட்டு மஹ்பூபி பீடி முறத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வாள். ஐம்பது வயசு, விதவை. அவர்கள் பள்ளிவாசல் மொஹல்லாவில் பெண்கள் யாராவது இறந்தால் கடைசிக் குளியல் செய்விக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள் சாகக்கிடப்பவளைத் தொடலாமா என்று தெரு கேட்டது. தெரு தானே வந்து தொடத் தயாராக இல்லாததால் கேள்வி அத்தோடு நின்றது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு வந்த சுப்பராயன் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அம்சவேணி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அவர் கேட்காத சிரிப்பு. அவர் உள்ளே நுழைந்ததும் குழாயை மூடினாற்போல் நின்றது.

"இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மாமா."

மஹ்பூபி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்று சோறு அவருக்கு இறங்கவில்லை. கட்டிய மனைவி, தன் வீட்டில், தான் வாங்கிய கட்டிலில் படுத்துக்கொண்டு, எவளோ ஒருத்தியிடம் சிரிக்கிறாள். மறுநாளே பத்து நாள் லீவு போட்டார். இனி எல்லாம் தன் கைதான் என்று மஹ்பூபிக்குச் சொல்லியனுப்பினார்.

காலையில் ஜன்னலை அகலத் திறந்தார். போர்வையை ஒரே இழுப்பில் உருவினார். மனைவியை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, இடுப்பெலும்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"இங்க செவக்குது. ரெண்டு நாள்ல கிழியும்" என்றார்.

சொன்னது சரி. வாரம் ஒருமுறை வந்துபோகும் நர்ஸ் அன்னம்மாள் பார்த்துவிட்டு, "நானே கவனிச்சிருக்க மாட்டேன் சார்" என்றாள். மனைவியும் ஒரு வார்த்தை சொல்வாள் என்று சுப்பராயன் காத்திருந்தார். அம்சவேணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"பூபிக்காவ வரச்சொல்லு" என்றாள்.

மஹ்பூபி வந்தாள். சுப்பராயன் கதவருகே நின்று, திருட்டைக் கண்டுபிடிக்கிறவர் போலக் கவனித்தார். போர்வை விலகவே இல்லை. ஈரத்துணி பிடித்த கை மட்டும் அதற்குள் போய்வந்தது. கண் எதிர்ச்சுவர் காலண்டரில் இருந்தது. "வேணி, இடது கால தொடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். பார்க்காமலே வேலை செய்கிற கையை அவர் அதுவரை கண்டதில்லை. கண்டதும் அதன்மேல் எரிச்சல்தான் வந்தது.

வெளியே வந்தவளை மடக்கினார்.

"அவ உன்கிட்ட இன்னா பேசுறா?"

"உங்க பொண்டாட்டிதானே அண்ணா, நீங்களே கேளுங்க."

"கேட்டா ஒண்ணுமில்லன்றா."

"எங்க கேட்டீங்க? 'உனக்கு ஒண்ணும் ஆவாது, பொங்கலுக்கு எழுந்து நடப்பே'ன்னு நீங்களே பேசிக்கினு இருக்கீங்க. நடுவுல அவ எங்க பேசறது?"

சாயங்கால மருந்தைக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"பூபிகிட்ட இன்னா பேசுற?"

"சாவறத பத்தி."

"அதுல சிரிக்க இன்னா இருக்குது?"

"நான் போனப்புறம் நீ ரசம் வெக்கறத பத்தி பேசினோம். புளிய வெளிச்சத்துல காட்டி, மூணாந்தரம்னு கடைக்காரன்கிட்டயே நீ திருப்பிக் குடுப்பன்னு சொன்னேன். அக்காவுக்கு சிரிச்சு சிரிச்சு பொர ஏறிடுச்சு."

அந்தச் சிரிப்பெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. அதையும் தன்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? நான் போனா என்னை பூபிக்காதான் குளிப்பாட்டணும். நம்ம ஆளுங்க துணிய உருவிட்டு, இப்படி எளச்சிட்டாளேன்னு கத பேசிக்கினே தண்ணி ஊத்துவாங்க. அவ மூடியே குளிப்பாட்டுவா."

"நான் பாத்துக்கறேன், நீ இன்னாத்துக்கு…"

"நீ வெளிச்சத்துக்குத் திருப்புவ."

உனக்கு ஒண்ணும் ஆவாது என்ற வாக்கியம் பழக்கத்தில் நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "சரி" என்றார்.

அதன்பின் மூன்று வாரம் அவள் அவரிடமும் பேசினாள். அவரும் ஜன்னலைப் பாதி சாத்தி, போர்வைக்குள் கைவிட்டுத் துடைக்கப் பழகினார். "பூபிக்கா ஃபஸ்ட்டு, நீ செகண்டு. போன வாரம் கழிவுல இருந்த" என்றாள் அம்சவேணி. அந்தப் பதவி உயர்வை அவர் ரசித்ததாகச் சொல்ல முடியாது.

மார்கழியில் ஒரு விடிகாலை அவள் போனாள். குடியாத்தத்திலிருந்து அவள் தங்கை பங்கஜம் மஞ்சளோடு வந்து இறங்கியபோது, மஹ்பூபி உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். கதவுக்கு முன்னால் சுப்பராயன் நின்றார்.

"இன்னா மாமா இது? கூடப்பொறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஒரு பாயம்மா குளிப்பாட்டறதா?"

"அவதான் கேட்டா."

"நெனப்பு தப்பிக் கேட்டிருப்பா."

"நெனப்போடதான் கேட்டா. எனக்கும் புடிக்கல பங்கஜம். ஆனா அவ கேட்டது அதுதான்."

பங்கஜம் அவரையே பார்த்தாள். பிறகு மஞ்சள் கிண்ணத்தை நீட்டினாள். சுப்பராயன் கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். ஈரக் கை ஒன்று வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டது. அப்போதும் அவருக்கு அந்தக் கையின்மேல் பொறாமைதான்.