மணி அடித்தால் ஓடும் கால்

கணக்கு டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் கிலி. கொக்கு டீச்சர் என்றால் சிரிப்பு. இரண்டும் ஒரே ஆள்தான். கரும்பலகையின் மேல் விளிம்பைத் துடைக்க நாற்காலி கேட்காத உயரம். உயரம் தாண்டுவதில் இந்த நாட்டில் அவளுக்குச் சமமாக இன்னொருத்திதான் உண்டு. அந்த இன்னொருத்தி பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்துவதில்லை, ஆகவே அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் டீச்சரின் அப்பா, வெல்டிங் பட்டறைக்காரர். தான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். மகளை எதையும் தாண்ட வைத்தவர். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே வீட்டு இரும்புக் கட்டிலை அறுத்து, இதே பள்ளி மைதானத்தில் இரண்டு கம்பமாக நட்டுவிட்டார். அப்படியொரு சுத்தமான வேலையை இப்போது எவன் செய்கிறான்? அந்தக் கட்டிலில் படுத்திருந்த அம்மா அன்றிலிருந்து தரையில் படுக்கிறாள்.

"பொண்ணு தாண்டி முடிக்கட்டும், புதுசா செஞ்சு தர்றேன்" என்றார் அப்பா. பெண் படித்து முடித்து அங்கேயே டீச்சரும் ஆகிவிட்டாள். தாண்டித்தான் முடிக்கவில்லை.

பயிற்சி எப்போதும் கடைசி மணிக்குத்தான். டங் என்றதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள், டீச்சர் கம்பத்துக்கு ஓடுவாள். கையில் சாக்பீஸ் அப்படியே இருக்கும். மணி அடிக்கிறவர் வராத நாளில் வகுப்பு வாசலில் நின்று, "மணி அடிச்சாச்சு! எல்லாரும் போகலாம்!" என்று அவளே ஒரு குரல் கொடுப்பாள். மூன்று தெருவுக்குக் கேட்கும்.

இந்த வருஷம் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "தேர்வுப் போட்டியில ஜெயிச்சா வெளிநாட்டுக்குப் போயிட்டு வாம்மா, லீவு தர்றேன். இல்லன்னா ஷூவக் கழட்டி வச்சுட்டு பத்தாம் வகுப்ப எடுத்துக்க. அங்க ஒருத்தனும் பாஸாகுற மாதிரி தெரியல."

போட்டியன்று குறுக்குக் குச்சி அவள் தலைக்கு மேல் நாலு விரற்கடை. அதைத் தாண்டினால் அணியில் இடம். இரண்டு தடவை தட்டிவிட்டாள். மிச்சம் ஒரே வாய்ப்பு. அதற்கு முன்னால், அவளுக்குச் சமமான அந்த மற்றவளின் முறை. அவள் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஓடுபாதையில் நீண்ட தூர ஓட்டம். அதில் கடைசிச் சுற்று என்று மணி அடித்தார்கள்.

டங்.

டீச்சரின் கால் அவளிடம் அனுமதி கேட்கவில்லை. ஓடினாள், வளைந்தாள், எழும்பினாள். சட்டைக் காற்றுகூடக் குச்சியில் படாத தாண்டல். மெத்தையிலிருந்து கையை உயர்த்திக்கொண்டு எழுந்தால், நடுவர் கொடியையே தூக்கவில்லை.

"டீச்சர், உங்க முறை இன்னும் வரல."

"தாண்டிட்டேனே, சார்!"

"நல்லாத்தான் தாண்டினீங்க. ஆனா இது அவங்க முறை."

"என் பேர்ல எழுதிக்கிட்டாலும் சரிதான்" என்றாள் மற்றவள்.

நடுவர்கள் கூடிப் பேசி, அந்தத் தாண்டல் லாபத்திலும் சேராது நஷ்டத்திலும் சேராது என்று முடிவு செய்தார்கள். மற்றவள் தன் முறையில் தாண்டிவிட்டுப் போனாள். பிறகு டீச்சரைக் கூப்பிட்டார்கள். கடிகாரம் ஓட ஆரம்பித்தது. கால் ஓடவில்லை. கட்டில் காலாக நின்றது.

பாதையோரத்து மணிக்காரரிடம் விரைந்தாள். "அண்ணே, ஒரே ஒரு தடவ அடிங்களேன்."

"ஓட்டம் முடிஞ்சுபோச்சும்மா. சும்மா அடிச்சா என் வேலை போயிடும்."

திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"மணி அடிச்சாச்சு! எல்லாரும் போகலாம்!"

முன்வரிசையில் பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நடுவரே நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். கால் ஓடியது. இந்தத் தடவை குதிகால் உரசியது. குச்சி ஆடியது, விழலாமா என்று யோசித்தது, பிறகு தன் இடத்திலேயே இருந்துகொண்டது. தாண்டல் செல்லும் என்று வெள்ளைக் கொடி ஏறியது.

அன்று வீட்டில் அப்பா, வந்தவர் போனவரிடமெல்லாம் வெல்டிங்கின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அம்மா பாயை உதறி விரித்தாள்.

"அதான் ஜெயிச்சாச்சுல்ல? இனியாவது கட்டில் வருமா?"

"என்னடி பேசுற? இப்பத்தான வெளிநாட்டுக்கே போறா" என்றார் அப்பா.

டீச்சர் அம்மாவுக்குத் தலையணையை எடுத்துக் கொடுத்தாள்.